நாலே மாத மீன்பிடி ராடில் நரம்பு அறுகிறது: கைடு எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். செராமிக் கைடு (நரம்பு ஓடும் வளையம்) போட்ட ராடு, புதிதாக வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. பிரெய்டு (பின்னல்) நரம்பு பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, வீசும்போதே அறுந்து ஈயம் தனியாகப் பறக்கிறது. "செராமிக்குக்கு வாரண்டி கிடையாது, எல்லா கைடையும் சிலிக்கான் கார்பைடாக மாற்றிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். டிசம்பர் 1 ஷாட் மீன் சீசன் திறப்பதற்குள் மாற்றிவிடட்டுமா?

பதில்: வேண்டாம், இப்போது காசு கொடுக்காதீர்கள். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்பக்கமும் மெதுவாகச் சுற்றுங்கள், நுனி வளையத்திலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் நரம்பு அதிகம் மடங்குவதும் காரில் ஏற்றி இறக்கும்போது அடிபடுவதும் அதுதான். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் போதும், பிரெய்டைப் பிளேடு போல அறுத்துவிடும். பெரும்பாலும் ஒரே ஒரு வளையம்தான் இப்படிக் கெட்டிருக்கும், அதற்காக எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது நியாயமே இல்லை.

சிலிக்கான் கார்பைடு கெட்டியானது, வழவழப்பானது, சூட்டையும் சீக்கிரம் கடத்திவிடும், அது சரி. ஆனால் பாறையில் மோதினால் அதுவும்தான் உடையும். நல்ல அலுமினியம் ஆக்சைடு (சாதாரண செராமிக்) வளையமே பிரெய்டைத் தாங்கும். உப்புத் தண்ணீரில் நிற்கிறவர் வளையத்தைவிட அதைப் பிடித்திருக்கும் கம்பிச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பேன், மட்டமான சட்டம், அதை ராடோடு சேர்த்துக் கட்டிய நூல் கட்டுக்கு அடியில் துருப்பிடித்து, வளையமே கழன்று விழும்.

இனி வாரண்டி. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, பொருளில் குறை இருந்தால் வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்வது நீங்கள், கடைக்காரர் இல்லை. "வாரண்டி கிடையாது" என்று வாயால் சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது. கீழே விழுந்தோ கல்லில் இடித்தோ உடைந்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. அதனால் நுனி வளையத்தைச் சூடாக்கிக் கழற்றுவது, நூல் கட்டை வெட்டுவது எதையும் நீங்களே செய்யாதீர்கள், கை வைத்த பொருள் என்று சொல்லிவிடுவார்கள். விரிசலை நெருக்கமாகப் படம் எடுத்து, ரசீதோடு போய், என்ன வேண்டும் என்பதை எழுதியே கொடுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவை ஆம்புட்ஸ்மனிடம் (நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் அமைப்பு) புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. நாலு மாதம் ஓடிவிட்டது, இந்த வாரமே போய்விடுங்கள்.