வீடியோ கேம் எழுதவைத்து அல்ஜீப்ரா நடத்த, கம்ப்யூட்டர் தெரியாத கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். மதுரைப் பக்கம் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். கம்ப்யூட்டர் தெரியாதது பெரிய தடையே இல்லை. எந்த நிரல் மொழியில் (புரோகிராமிங் மொழியில்) எழுதவைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பைத்தானில் எக்ஸ் = எக்ஸ் + 10 என்று எழுதலாம். "அப்ப 0 = 10-ஆ சார்?" என்று ஒரு டீச்சர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அங்கே சமக்குறி ஒரு கட்டளை, சமன்பாடு அல்ல. அமெரிக்காவில் இமானுவேல் ஷான்சர் தொடங்கிய, இதே போல வீடியோ கேம் வழியே அல்ஜீப்ரா நடத்தும் பூட்ஸ்ட்ராப் பாடத்திட்டம் ராக்கெட், பைரெட் மொழிகளை எடுத்துக்கொண்டது இதனால்தான். அதில் எழுதும் சார்பு (ஃபங்ஷன்), கணக்குப் புத்தகத்துச் சார்பேதான்.

ஆரம்பத்தில் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே விடமாட்டேன், பேப்பர்தான். என்ன கேம் என்றால், இங்கே வாடிவாசலைத் தவிர வேறு எது? காளை திரையின் வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு பிரேமிலும் 50 புள்ளி இடப்பக்கம் வர வேண்டும். முதலில் சார்பின் பெயர், மதிப்பகம் (உள்ளே என்ன போகும்: காளை இப்போது நிற்கும் இடம்), வீச்சகம் (வெளியே என்ன வரும்: அடுத்து நிற்கும் இடம்). அப்புறம் எடுத்துக்காட்டுகள்: காளை(600) = 600 − 50, காளை(300) = 300 − 50. இரண்டு வரியிலும் மாறுவதை மட்டும் வட்டம் போடச் சொல்வேன். அந்த வட்டம்தான் மாறி (வேரியபிள்). காளை(எக்ஸ்) = எக்ஸ் − 50 என்று தானாக வந்துவிடும்.

இதில் மாணவர்களைவிட ஆசிரியர்கள்தான் தடுமாறுவார்கள். கை பழகிவிட்டதால் காளை(600) = 550 என்று விடையையே போட்டுவிடுவார்கள். போடக் கூடாது. போட்டால் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பது மறைந்துபோகும். 'எக்ஸ் என்க' என்று தொடங்கியே பழகியவர்களுக்கு, எக்ஸ் கடைசியில் வருவது முதலில் பிடிக்காது.

காளை முட்டியதா என்று பார்க்க ஒன்பதாம் வகுப்புத் தொலைவு சூத்திரம் போதும். வீரர் (100, 200), காளை (130, 240). வித்தியாசம் 30, 40. தொலைவு 50. எத்தனை புள்ளிக்குள் வந்தால் 'முட்டியது' என்று அவர்களே முடிவு செய்யட்டும். அங்கே அசமன்பாடும் வந்துவிடும்.

நடைமுறையில் ஒன்று. பைரெட் பிரவுசரிலேயே ஓடும், தனியாக எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆனால் பயிற்சிக்குக் கணக்கு ஆசிரியரை மட்டும் கூப்பிடாதீர்கள். அதே பள்ளியின் கம்ப்யூட்டர் ஆசிரியரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள், லேப் சாவி பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.