பழவேற்காடு லைட்ஹவுஸ்: படகு வேண்டாம், பாலமே போதும்

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். பழவேற்காட்டுத் தீவில் உள்ள டச்சுக்காரர் காலத்து லைட்ஹவுஸுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று திட்டம். மூட்டுவலிக்கார அம்மாவும் பத்து வயது மகனும் வருகிறார்கள். படகில்தான் போக வேண்டுமா? மேலே ஏற முடியுமா?

பதில்: படகு தேவையே இல்லை. லைட்ஹவுஸ் குப்பம் இருக்கும் நிலம் ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் ஏரியும் பக்கிங்ஹாம் கால்வாயும் சூழ்ந்த நீளமான மணல் தீவுதான். ஆனால் பழவேற்காடு கடைத்தெருவிலிருந்து அங்கே போகப் பாலம் உண்டு. ஆட்டோ போகும், கார் போகும். "முகத்துவாரம் வரை ஒரு ரவுண்டு போகலாம் சார்" என்று யாராவது கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காக்கும் சட்டை யாரும் போட்டிருக்கவில்லை. சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது அதன் பிறகுதான். ஏரி ஆழமில்லாமல் அமைதியாகத்தான் தெரியும். ஆனால் முகத்துவாரத்தில் கடல்மட்ட ஏற்ற இறக்கத்துக்கேற்ப தண்ணீர் இழுக்கும், மணல் திட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பையனை அங்கே குளிக்கவும் விடாதீர்கள்.

நீங்கள் சென்ட்ரல் போய்ச் சுற்ற வேண்டாம். திருவொற்றியூரிலேயே கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ் இருக்கிறது. சொந்த வண்டி என்றால் மீஞ்சூர் வழி.

டச்சுக்காரர் விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். அவர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613-ல். ஊர் 1825-ல் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கலங்கரை விளக்கம் வந்தது 1859-ல், ஆகவே அது ஆங்கிலேயர் ஏற்பாடு. டச்சுத் தடயம்தான் வேண்டுமென்றால் ஊருக்குள் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளைப் பார்த்தால் உங்கள் பையன் லைட்ஹவுஸை மறந்தாலும் மறந்துவிடுவான். கோட்டையில் மிச்சமிருப்பது புதர் மண்டிய மேடுதான், அதை நம்பி வெயிலில் நடக்காதீர்கள்.

இங்கே எதற்கு விளக்கு என்று அவன் கேட்கக்கூடும். இந்தக் கரை தட்டை. மலையோ குன்றோ கிடையாது, அதனால் கப்பல்காரனுக்குக் கரை கண்ணில் படுவதே தாமதம். அதற்குள் ஆழமற்ற மணல் திட்டில் தட்டிவிடலாம். பூமி உருண்டை என்பதால் மணலில் நிற்கும் ஒருவருக்கு நாலரை கிலோமீட்டருக்கு அப்பால் கடல் மறைந்துவிடும். 40 மீட்டர் உயரத்தில் நின்றால் அதே கண்ணுக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் எட்டும். கோபுரத்தை உயர்த்துவது அதற்காகத்தான். விளக்கைச் சுற்றியுள்ள பட்டை தீட்டிய கண்ணாடி, எல்லாத் திசையிலும் சிதறும் ஒளியைத் திரட்டிக் கடல் பக்கம் அனுப்பும். ஒவ்வொரு விளக்குக்கும் மின்னும் கணக்கு தனித்தனி. எத்தனை நொடிக்கு ஒருமுறை என்று எண்ணிப் பார்த்தே மாலுமி இடத்தைக் கண்டுகொள்வார். பகலில் இந்தக் கண்ணாடிகளைத் திரைபோட்டு மூடி வைக்கும் வழக்கம் உண்டு. இல்லாவிட்டால் வெயிலையே குவித்து உள்ளே இருப்பதைப் பொசுக்கிவிடும்.

ஏறும் விஷயம்: கலங்கரை விளக்கங்களில் பார்வையாளர் நேரம் பெரும்பாலும் பிற்பகலில் கொஞ்சம்தான். பராமரிப்பு, பாதுகாப்பு என்று அன்றைக்கு மூடியும் இருக்கலாம். அதனால் ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக வாசலில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, அதன்பிறகு கல்லறைத் தோட்டம், சாப்பாடு என்று மற்றதை அமைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது கை இரண்டும் காலியாக இருக்கட்டும். பையைக் கீழேயே விட்டுவிடுங்கள். மேல் மாடத்தில் காற்று பலமாக அடிக்கும், செல்போனைக் கைப்பிடிக்கு வெளியே நீட்ட வேண்டாம்.

அம்மா ஏற வேண்டாம். வளைந்து போகும் படியில் ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்கு வில்லங்கம். பாதியில் உட்காரவும் இடமிருக்காது. அவருக்கும் உயரத்திலிருந்து கடலைப் பார்க்க ஆசை என்றால் மெரினா கலங்கரை விளக்கத்துக்கு இன்னொரு நாள் அழைத்துப் போங்கள், அங்கே லிப்ட் இருக்கிறது. போகிற வழியில் பாரிமுனையில் உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கும் 1844-ஆம் ஆண்டுத் தூணையும் காட்டலாம். 1894-ல் நீதிமன்றத்தின் குவிமாடத்துக்கே விளக்கை மாற்றும்வரை சென்னைக்கு வழிகாட்டியது அதுதான்.

நாரைகளையும் பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தில் போங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளைத் தவிர்ப்பதும் நல்லது. அன்று மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை, அதனால் மீனும் நண்டும் கிடைப்பது அரிது. சாப்பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு அதுவே பெரிய நஷ்டம். திரும்பும் பஸ் நேரத்தை மட்டும் பழவேற்காட்டில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.