உள்ளே போகாமல் உரசியதற்கு எச்ஐவி வருமா

தம்பி, ஒரு பெண்ணும் நானும் உடை இல்லாமல் உரசினோம், உள்ளே போகவில்லை, 12 நாளாகத் திருப்பூரில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தும் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் எச்ஐவி பயத்தை இறக்கி வையுங்கள். தோலோடு தோல் உரசுவதால் அது பரவாது.

ஆனால் ஒன்றுமே வராது என்றும் சொல்ல மாட்டேன். பிறப்புறுப்பில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ், மரு உண்டாக்கும் எச்பிவி, சிபிலிஸ், சொறி சிரங்கு இவையெல்லாம் தோல் பட்டாலே தொற்றக்கூடியவை. இதில் சிபிலிஸ்தான் ஏமாற்றும், சுமார் 3 வாரத்தில் (சிலருக்கு 3 மாதம் வரை கூட) வலியே இல்லாத ஒரு புண் வரும், தானாக ஆறியும் போகும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும் நோய் அது, வெட்கப்பட்டு விட்டுவிடாதீங்க.

தொடை இடுக்கில் அரிப்பு என்றீர்களே, பனியன் கம்பெனி வியர்வைக்குப் படர்தாமரையாகவும் இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் பூசாதீர்கள், முற்றிவிடும்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு போன் பண்ணியும் கேட்கலாம். சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையை 6 வாரத்திலும் 3 மாதத்திலும் எடுங்கள்.

அப்புறம், விந்து பெண்ணுறுப்பின் வாயில் பட்டிருந்தால் கர்ப்பத்துக்குக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அந்தப் பெண்ணிடம் நாள் தள்ளியிருக்கிறதா என்று கேளுங்கள்.