அப்பாவின் வேட்டியும் இவ்வருடத்து வற்றலும்

வாசகர் கடிதம்:

அன்புள்ள ஐயா,

மாசிக் கடைசியில் என் அப்பா காலமானார். 16-ஆம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அலுவலகத்தில் அனுமதி பெற்று, மதுரையில் தல்லாகுளம் பக்கம் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவுடன் தங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. அப்பா பார்த்துவந்த வேலைகளையெல்லாம் நானே எடுத்துக்கொண்டேன். காலையில் மோட்டார் போடுவது, மண்பானையில் தண்ணீர் நிரப்புவது, சாயங்காலம் மொட்டை மாடியின் சூடு தணியத் தண்ணீர் தெளிப்பது, வாரிசுச் சான்றிதழுக்கும் குடும்ப ஓய்வூதியத்துக்கும் அலைவது என்று ஒன்றையும் விடவில்லை. சமையலுக்கும் ஆள் வைத்துவிட்டேன். அம்மா கூடத்தில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தே இருக்கிறார்.

ஒவ்வொரு வருடமும் சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வரும் கள்ளழகரை எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவையன்று அப்பா வாசலில் அண்டா வைத்து நீர்மோர் கொடுப்பார். இந்த வருடம் அழகர் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம்.

சென்ற வாரம் அம்மா தாமாகவே வாய் திறந்து ஒன்று கேட்டார்: "அப்பா வேட்டி மூணு கிடக்கு. ஒண்ணுல கூழ்வத்தல் போட்டுரலாமா?" எங்கள் வீட்டில் கோடைதோறும் அப்பாவின் பழைய வேட்டியில்தான் வற்றல் போடுவார்கள். அத்தையோ, "வருஷம் திரும்பாத வீட்டுல வத்தலா? அதுவும் எங்க அண்ணன் வேட்டியிலயா?" என்று தொலைபேசியிலேயே அழுதுவிட்டார். வெயிலில் மாடி ஏற வேண்டாம் என்று நானும் தடுத்தேன். அதற்குப் பிறகு அம்மா எதுவும் கேட்கவில்லை.

நேற்றிரவு பக்கத்து வீட்டார் கொடுத்த கல்லாமை மாம்பழத்தை அடுக்களையில் நின்றபடியே தின்றேன். மிகவும் ருசியாக இருந்தது. தின்று முடித்ததும் செய்யக்கூடாததைச் செய்துவிட்டதைப்போல் கூசிப்போனேன். இந்தக் கோடையை நாங்கள் எப்படிக் கடப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாட்களாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியத்திலேயே என் மனம் நின்றுவிட்டது. அம்மா மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

2011 பங்குனியில் என் அம்மா இறந்தபோது நானும் இதையேதான் செய்தேன். அப்போது அப்பாவுக்கு 72 வயது. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து, காற்று வரும் அறையை ஒழித்துக் கொடுத்து, வேளைக்கு உணவும் குளிர்ந்த தண்ணீரும் கைக்கு எட்டும்படி வைத்து, அவர் எதற்கும் எழுந்திருக்கத் தேவையில்லாதபடி பார்த்துக்கொண்டேன். சித்திரை பாதி கடந்த ஒரு மதியம், வீட்டில் ஆளைக் காணோமென்று தேடிப் பதறிக்கொண்டிருந்தபோது, தெருமுனை அடிகுழாயில் அடித்த ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார். வீட்டில் தண்ணீருக்கா பஞ்சம் என்று நான் கடிந்துகொண்டேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "உங்கம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வருஷம் நான்தானேடா தண்ணி பிடிச்சுக் குடுத்தேன்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு மண்பானை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். புதுப் பானையில் தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டு, மண்வாசம் போகக் கொட்டி, மூலையில் மணல் பரப்பி அதன்மேல் இருத்தினார். வெட்டிவேரைத் துணியில் முடிந்து உள்ளே போட்டார். தினமும் இரவு படுக்கப் போகுமுன் அதைக் கழுவி நிரப்பியதும் அவரே. அழுகை நின்றுவிடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் விருந்தாளியாக இருக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் அம்மாவின் வேலைகளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்பாவின் வேலைகளிலும் எவை தமக்கு வேண்டும் என்று அவரையே கேளுங்கள். நீங்கள் அன்பினால்தான் அனைத்தையும் சுமந்தீர்கள். உங்கள் துக்கத்துக்கும் அந்த அலைச்சல் தேவையாக இருந்திருக்கும். மோட்டாரைப் போடும்போதும் மாடியில் தண்ணீர் தெளிக்கும்போதும் நீங்கள் சற்று நேரம் அப்பாவாக இருந்திருக்கிறீர்கள். அம்மாவுக்கு அப்படி ஒரு இடமும் மிச்சமில்லை. வாரிசுச் சான்றிதழ், வங்கி, மின் இணைப்பின் பெயர்மாற்றம் ஆகியவற்றை நீங்களே பாருங்கள். அடுக்களை அவரிடம் போகட்டும்.

இனி வற்றல். வருடம் திரும்பாத வீட்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை, சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி கிடையாது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பங்காளியோ அண்டை வீட்டாரோ பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். காரியம் முடியும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்காத வழக்கமும் பல வீடுகளில் உண்டு. வற்றலும் ஊறுகாயும் அந்த வருடம் ஆகாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பொருட்படுத்தாத குடும்பங்களும் இருக்கின்றன. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி இது மாறும். துக்கத்தில் இருப்பவர்களை விருந்திலிருந்தும் உபசாரத்திலிருந்தும் ஒரு வருடம் விடுவித்து வைக்கவே இந்த விலக்குகள் ஏற்பட்டன என்று நான் நினைக்கிறேன். ஒரு பெண் தன் கணவரின் வேட்டியைத் தொட்டு விரிக்க ஆசைப்படும்போது அதைத் தடுப்பது அவற்றின் நோக்கமாக இருந்திருக்க முடியாது.

உங்கள் அத்தையிடம் இந்த நியாயத்தைப் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவர் சாஸ்திரம் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் "எங்க அண்ணன் வேட்டி" என்ற சொற்கள்தாம் கேட்டன. அவரும் ஒருவரை இழந்திருக்கிறார், அவரைத் துக்கம் விசாரிக்க யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் முன்னதாகவே வந்து தங்கும்படி கூப்பிடுங்கள். மூன்று வேட்டிகளில் ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளட்டும். வேட்டி கைக்கு வந்த பிறகும் வேண்டாமென்று அவர் சொன்னால், வற்றலை ஒரு பழைய புடவையில் போட்டுக்கொள்ளலாம்.

வெயிலைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே சரியாகத் தெரியாது, துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பசியும் மறந்துபோகும். எனவே அவரைக் கேட்டுக்கொண்டிராமல் மணிக்கொரு தரம் மோரோ நீராகாரமோ கையில் கொடுங்கள். ஆனால் கூழ்வற்றல் வெயிலில் நின்று செய்கிற வேலையல்ல என்பது அம்மாவுக்கு நம் இருவரையும்விட நன்றாகத் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்குக் கூழ் கிளறத் தொடங்கினால், பச்சைமிளகாயும் பெருங்காயமும் கொதிக்கிற வாசம் தெருவுக்கு எட்டும்போது இன்னும் இருட்டாகவே இருக்கும். அடுப்பை அணைத்து, சூடு சற்று அடங்கியதும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பாத்திரத்தை நீங்கள் மாடிக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஈரம் பிழிந்த வேட்டியின் நான்கு மூலைகளிலும் கல் வைத்து, அம்மா ஒரு முனையிலும் அத்தை மறுமுனையிலும் உட்கார்ந்து கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டு வந்தால், ஏழு மணிக்குள் கீழே இறங்கிவிடலாம். பகல் முழுவதும் காக்கையை விரட்டுவதற்கு ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்தால் போதும். துணி காய்ந்த பிறகு அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஊறியதும் ஒவ்வொன்றாக உரிப்பார்கள் அல்லவா, அந்த நேரத்தில் மட்டும் நீங்கள் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். கை வேலையில் இருக்கும்போது, கண்ணைப் பார்க்காமல் பேசும் பேச்சில், அப்பாவைப் பற்றி உங்களுக்கு இதுவரை சொல்லாதவற்றை அவர் சொல்லக்கூடும். பேசாமல் உரித்துக்கொண்டே இருந்தாலும் இருக்கட்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு அழகரை அனுப்பியது உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. வருடம் திரும்பாத வீட்டில் திருவிழாவுக்குத்தான் தடை. வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைப்பதற்கு எந்தத் தீட்டும் கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அப்பாவின் அண்டாவை நாளைக்கே வாசலில் நிழலாகப் பார்த்து வைத்து, ஒரு குவளையைச் சங்கிலியில் கட்டிவிடுங்கள். மோர் எப்படிக் கலக்க வேண்டும், இஞ்சியை எவ்வளவு தட்டிப் போட வேண்டும் என்பதை அம்மா சொல்லட்டும்.

மாம்பழத்துக்காக நீங்கள் கூசியது என்னை வருத்தியது. நத்தம் பக்கத்திலிருந்து கல்லாமை வரத் தொடங்கியதும் முதல் கூடையில் தேடி வாங்கி வந்து, உங்கள் சிறு வயதில் உங்களுக்கு அதை நறுக்கிக் கொடுத்தவர் பெரும்பாலும் உங்கள் அப்பாவாகத்தான் இருப்பார். அந்த ருசிக்கு உங்கள் நாக்கைப் பழக்கியவர் போன மூன்றாம் மாதத்திலும் பழம் ருசிக்கிறது என்றால், அதில் அவருக்குச் செய்த துரோகம் எதுவும் இல்லை. அடுத்த முறை நின்றபடி ஒளித்துத் தின்னாதீர்கள். இரண்டாக அரிந்து, கொட்டைப் பக்கத்தை அம்மாவுக்குக் கொடுங்கள்.

கத்திரி வெயில் மே 28 வரையில்தான். இன்னும் பத்து நாள்கூட இல்லை. கோடை மழை பிடித்துக்கொள்வதற்கு முன் இந்த வார இறுதியிலேயே வற்றலைப் போட்டுவிடுங்கள். அத்தைக்கு இன்றைக்கே தொலைபேசியில் சொல்லுங்கள்.

அன்புடன்.