ஒப்பந்தக் கல்யாணக் கதையைச் சோழர் காலத்தில் வைத்து எழுதினால் எடுபடுமா?

கேள்வி கேட்டவர் ஆங்கில வரலாற்றுக் காதல் நாவல்களை விரும்பிப் படிப்பவர் என்று தெரிகிறது. காதல் இல்லாமல் ஏதோ ஒரு தேவைக்காகக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, அப்புறம் மெல்ல மெல்ல மனசு ஒட்டிப்போகும் கதைகள். அதையே சோழர் காலத்தில் வைத்து எழுதினால் நம்மவர்கள் ரசிப்பார்களா என்று கேட்கிறார். தாராளமாக ரசிப்பார்கள். ஆனால் அந்தத் தேவை நிஜமானதாக இருக்கணும். நான் பார்த்தவரை பாதிக் கதைகள் இங்கேதான் சறுக்குகின்றன.

ஆங்கிலத்தில் இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் 1811 முதல் 1820 வரையிலான ரீஜென்சி காலத்தில், அதாவது இங்கிலாந்தில் நோயுற்ற மன்னருக்குப் பதிலாக அவர் மகன் ஆட்சியைக் கவனித்த காலத்தில், நடக்கும். கதைக்கு முடிச்சைப் போட்டுக் கொடுப்பதே அந்தக் காலத்துச் சட்டம்தான். பெரிய குடும்பங்களில் நிலமும் பட்டமும் மூத்த மகனுக்குப் போகும். பெண்ணின் கையில் இருக்கும் பணம், தனி ஏற்பாடு ஏதும் செய்து வைக்காவிட்டால், கல்யாணத்தோடு கணவனுடையதாகிவிடும். 1882-இல் சட்டம் மாறியபிறகுதான் இது முழுதாகத் தீர்ந்தது. மறுமணம் செய்ய உரிமையுள்ள விவாகரத்து வேண்டுமென்றால், 1857 வரை நாடாளுமன்றமே அவர்களுக்கென்று தனிச் சட்டம் போட வேண்டும். அதாவது, ஒருமுறை கைப்பிடித்துவிட்டால் திரும்பிப் போக வழி கிடையாது. வழி இல்லாத இடத்தில்தான் ஒரு சின்ன அக்கறைகூடக் கனமாகத் தெரியும்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஜார்ஜெட் ஹேயர் 1961-இல் எழுதிய 'எ சிவில் கான்ட்ராக்ட்'. அப்பா வைத்துவிட்டுப் போன கடனில் மூழ்கிய இளம் பிரபு, பணக்கார வியாபாரியின் மகளைக் கட்டிக்கொள்கிறான். அவன் மனசில் வேறொருத்தி இருக்கிறாள், அது இவளுக்கும் தெரியும். கடைசியில் பெரிய காதல் வெடிப்பெல்லாம் கிடையாது. வீடு, வயல், பழகிப்போன அன்பு, அவ்வளவுதான். இதனாலேயே பிடிக்கவில்லை என்று சொல்லும் வாசகர்கள் உண்டு. எனக்கோ அதுதான் அந்த நாவலின் பெரிய நேர்மை. வாங்கியதற்கு அவன் கொடுத்த விலையை எழுத்தாளர் கடைசிவரை மறைக்கவில்லை.

நம் இணையத் தொடர்களில் ஒரு வருஷ ஒப்பந்தப் பத்திரம் என்று ஒன்று வரும். நகரத்துக் கதையில் சரி. அதை அப்படியே அரண்மனைக்குள் கொண்டுபோய் வைத்தால் கதை அங்கேயே செத்துப்போகும். அந்தக் காலத்தில் ஒரு இளவரசியை இன்னொரு நாட்டுக்குக் கொடுத்தால் படை, எல்லை, வாரிசு எல்லாம் அவள் பின்னாலேயே போகும். அதில் கையெழுத்தும் இல்லை, கெடுவும் இல்லை.

நான் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி ஊர்க்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. ராஜராஜ நரேந்திரனை, நன்னயாவைக் கொண்டு மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடவைத்த அரசனாகத்தான் எனக்கு முதலில் தெரியும். அவன் நம் ராஜராஜ சோழனின் மகள் வயிற்றுப் பேரன் என்று தமிழ்ப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மகளின் பெயரும் குந்தவை. பொன்னியின் செல்வனில் வரும் குந்தவை இவளுக்கு அத்தை. அத்தையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. மருமகளை யாரும் கண்டுகொள்வதில்லை.

ஒப்பந்தக் கல்யாணத்துக்கு இவள் கதையைவிட நல்ல கரு எங்கே கிடைக்கும்? கிருஷ்ணா, கோதாவரிப் பக்கத்து வேங்கி நாட்டில் தானார்ணவன் என்ற கீழைச் சாளுக்கிய அரசனைக் கொன்று, ஜடாசோட பீமன் 27 ஆண்டுகள் நாட்டைப் பிடித்து வைத்திருந்தான். தானார்ணவனின் மகன்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் ராஜராஜனிடம் அடைக்கலம் வந்தார்கள். ராஜராஜன் படை அனுப்பி அண்ணனை அரியணையில் உட்காரவைத்தான், தம்பிக்குத் தன் மகளைக் கொடுத்தான். அவர்களுக்கு நாடு வேண்டும், இவனுக்கு வடக்கே, கன்னட நாட்டை ஆண்ட மேலைச் சாளுக்கியரைத் தடுத்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். 1011-இல் விமலாதித்தன் அரசனாகிறான். அவனுக்கு இன்னொரு மனைவியும் உண்டு, அவள் வயிற்றில் விஜயாதித்தன் என்ற மகனும் உண்டு. ஆக, குந்தவைக்கு இந்தக் கல்யாணத்தில் கிடைக்க வேண்டியது ஒன்றே ஒன்று, தன் மகனுக்கு அரியணை. அதற்கும் சண்டைதான். மேலைச் சாளுக்கியர் விஜயாதித்தன் பக்கம் நின்றார்கள். குந்தவையின் உடன்பிறப்பான ராஜேந்திரன் படை அனுப்பி, 1022-இல் நரேந்திரனுக்கு முடிசூட்டு விழா நடந்தது.

இவ்வளவும் வரலாறு. கல்வெட்டும் செப்பேடும் சொல்லாத பகுதி கதாசிரியருக்கு. தஞ்சையில் பிறந்த பெண் கோதாவரிப் பக்கம் போய் எப்படி வாழ்ந்தாள்? அதற்கு எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தாலே போதும். என் அத்தையைத் தெலுங்குக் குடும்பத்தில் கொடுத்தார்கள். இரண்டு குடும்பத்து நிலத்துக்கும் நடுவில் ஒரு கிணறு, அதற்கு ஒரு வழக்கு. வழக்கை முடிக்கக் கல்யாணம் பேசினார்கள். முதல் சில மாதம் மாமா அத்தையிடம் சாப்பாடு, தண்ணீர் தவிர வேறு எதுவும் பேசவில்லையாம். ஒருநாள் சாயங்காலம் களத்தில் வேர்க்கடலை மூட்டைகளைக் காட்டி, "விதைக்கு எத்தனை நிறுத்தலாம்?" என்று அத்தையைக் கேட்டிருக்கிறார். மாமியாரைக் கேட்க வேண்டிய கேள்வி அது. அத்தை ஒரு மூட்டையைப் பிரித்து, பத்துக் கொட்டையை உரித்துப் பார்த்து, இது விதைக்கு ஆகாது என்று தள்ளிவைத்திருக்கிறாள். இன்றைக்கும் அத்தை பேரப்பிள்ளைகளைத் தெலுங்கில்தான் கொஞ்சுவாள், தெலுங்கில்தான் திட்டுவாள். காசு எண்ணும்போது மட்டும் வாய் தானாகத் தமிழுக்குப் போய்விடும்.

இந்த மாதிரி ஒன்றை அந்தக் குந்தவைக்குக் கொடுத்துப் பாருங்கள். தூதன் கொண்டுவந்த ஓலையை விமலாதித்தன் மந்திரிக்கு முன்னால் அவளிடம் நீட்டுகிறான் என்று வையுங்கள். முத்தக் காட்சி எழுதுவதற்கு முன்னால் இதை எழுதணும்.

அதோடு கதை முடியவும் இல்லை. ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையை நரேந்திரனுக்கே கொடுத்தான். மாமன் மகள், நம்ம ஊர் முறைதான். அவர்கள் பிள்ளைதான் 1070-இல் சோழ அரியணையே ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவனும் மாமன் மகள் மதுராந்தகியைத்தான் மணந்தான். மூன்று தலைமுறைக்கும் ஒரே பேரம் நீண்டிருக்கிறது.

நீங்கள் எழுதுவதாக இருந்தால் அம்மங்கையின் கண் வழியாகத் தொடங்கச் சொல்வேன். அவளுக்கு மாமியார் ஸ்தானத்தில் இருப்பது சொந்த அத்தை, அதே வழியாக வந்தவள். புது இடத்தில் யாரை நம்பலாம், எதை வாய்விட்டுக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்று அத்தை சொல்லித்தரும் ஓர் இரவு, முழுக்கக் கற்பனையாகவே இருக்கட்டும். எழுதினால் எனக்கு அனுப்புங்கள். வேங்கிப் பக்கத்து விவரங்கள் தெலுங்கில் படித்துச் சொல்ல வேண்டியிருந்தால் நான் செய்து தருகிறேன்.