விளக்கை அணைப்பது யார்?

திகில் கதைகளும் படங்களும் வீடியோ கேம்களாக மாறுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். பதினொரு ஆண்டுகளாக விளையாட்டுகளுக்கு ஒலி அமைத்துவருகிறேன். அதனால் பல பதில்களில் காதுதான் முன்னால் நிற்கும்.

கேள்வி: ‘ஏலியன்’ படத்தை நான்கு முறை பார்த்துவிட்டேன், இப்போது எந்தக் காட்சியிலும் பயம் வருவதில்லை. ஆனால் ‘ஏலியன்: ஐசோலேஷன்’ விளையாட்டை இரண்டாம் முறை ஆடும்போதும் கை வியர்க்கிறது. கதை ஒன்றுதானே?

விண்கலத்துக்குள் புகுந்து ஆட்களைக் கொல்லும் அந்த ஜந்து எப்போது வரும் என்பதை 1979-ஆம் ஆண்டே படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட் முடிவு செய்துவிட்டார். நான்காம் முறை பார்க்கும்போது அது உங்களுக்கும் மனப்பாடம். 2014-இல் கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனம் உருவாக்கிய விளையாட்டில் அப்படி மனப்பாடம் செய்ய அதிகம் இல்லை.

அதன் உள்ளே இரண்டு மூளைகள் வேலை செய்கின்றன. ஒன்று மேலிருந்து கவனிப்பது. நீங்கள் எங்கே, ஜந்து எங்கே என்று அதற்கு எந்நேரமும் தெரியும். தெரிந்தும் அது உங்கள் மறைவிடத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை; ‘இந்தப் பகுதியில் தேடு’ என்ற அளவுக்கு அவ்வப்போது ஜந்துவுக்குக் குறிப்பு மட்டும் தரும். இரண்டாவது, ஜந்துவின் சொந்த மூளை. அது கண்ணையும் காதையும் மட்டுமே நம்பித் தேடுகிறது. நெருக்கடி ஓர் அளவைத் தாண்டினால் முதல் மூளை ஜந்துவைக் காற்றுக்குழாய்க்குள் பின்வாங்கச் செய்யும். அப்போது உங்களுக்கு மூச்சு வரும். தலைக்கு மேல் குழாய்க்குள் ஏதோ உரசிக்கொண்டு போகும் ஓசையும் வரும்.

படத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரேயொரு விதி: அந்த உயிரைக் கொல்ல முடியாது. அதை விளையாட்டின் முழு நீளத்துக்கும் விடாப்பிடியாகக் காத்தார்கள். நெருப்பைப் பீய்ச்சினால் விலகும், திரும்பி வரும். அசைவைக் காட்டும் கருவியை உயர்த்திப் பிடித்தால் சுற்றுப்புறம் மங்கிவிடும். அதன் ‘பீப்’ ஓசையும் ஜந்துவின் காதுக்கு எட்டும். உதவிக்கென்று கொடுத்த கருவியே ஆளைக் காட்டிக்கொடுக்கலாம். ஆட்டத்தைச் சேமிப்பதுகூட நிம்மதியாக நடக்காது. சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசியில் அட்டையைச் செருகிவிட்டு, விளக்குகள் எரியும்வரை சில நொடிகள் நிற்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் முதுகுக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் நடக்கலாம். கேமராவோடும் மைக்கோடும் ஆடினால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் சத்தத்தையும் அந்த ஜந்து கேட்கும். ஒலிக்காரியான எனக்கு அந்தத் துணிச்சல் மீது இன்றும் பொறாமை உண்டு.

கேள்வி: திகில் படங்களை விளையாட்டாக்குவது எப்போது தொடங்கியது?

ஆரம்பகால முயற்சிகளில் இரண்டைச் சொல்கிறேன். 1983-இல் விசார்ட் வீடியோ என்ற நிறுவனம், டிவியில் இணைத்து ஆடும் அடாரி 2600 கருவிக்கு இரண்டு விளையாட்டுகளை வெளியிட்டது. ஒன்று ‘ஹாலோவீன்’, மற்றொன்று ‘தி டெக்ஸஸ் செயின்சா மாசகர்’. இதைவிட நல்ல தொடக்கப் பாடம் கிடைக்காது. இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே கருவி, ஒரே ஆண்டு. ஆனால் இரண்டு எதிர்த்திசைகள்.

‘செயின்சா’வில் கொலைகாரன் நீங்களே. எரிபொருள் தீர்வதற்குள் ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடித்தால் மதிப்பெண். வேலியிலும் புதரிலும் சிக்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். துரத்துகிறவனுக்கு என்ன பயம் இருக்க முடியும்? பெட்ரோல் தீர்ந்துவிடுமே என்ற கவலை மட்டுமே மிஞ்சுகிறது.

‘ஹாலோவீன்’ உங்களைக் குழந்தைகளைக் காக்கும் பெண்ணாக்குகிறது. வீட்டின் அறைகளில் ஓடி, குழந்தைகளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். கொலைகாரன் திரையில் தோன்றியதும் இயக்குநர் ஜான் கார்பென்டர் படத்துக்கு அமைத்த மெட்டு ஒலிக்கும். அடாரியில் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகள்தான் எழுப்ப முடியும். அந்த மெட்டோ ஐந்து தாளத் தட்டுகளில் சுழல்வது. நான்குக்குப் பழகிய காதை எங்கேயும் அமரவிடாது. அத்தனை எளிய கருவியில், கரகரத்த குரலில் கேட்டாலும் அது தன் வேலையைச் செய்கிறது. பிக்சல் ரத்தத்தைப் பார்த்து அன்று பலர் முகம் சுளித்தார்கள். நான் அந்த விளையாட்டைக் கொண்டாடுவது மெட்டுக்காகத்தான்.

கேள்வி: நான் எழுதிய பன்னிரண்டு பக்கப் பேய்க்கதையை இரண்டு நண்பர்களோடு சேர்ந்து விளையாட்டாக்க விரும்புகிறோம். வீடு, தோட்டம், கிணறு எல்லாம் முப்பரிமாணத்தில் வரைந்துவிட்டோம். பேய்தான் சரியாக வரவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வரைந்ததை மூடி வையுங்கள். கதையை மறுபடி படித்து, எந்த வரியில் உங்கள் உடம்பு கூசுகிறது என்று குறியுங்கள். பெரும்பாலும் அது பேய் வரும் வரியாக இருக்காது.

நான்கு பேர் கொண்ட ஒரு குழுவில் நானும் இப்படி ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு தடுமாறியிருக்கிறேன். கதை சிறியது. தனியாக வாழும் ஒருவர் ஒவ்வோர் இரவும் மாடிப்படியில் காலடியோசை கேட்கிறார். முதல் இரவு ஒரு படி. மறு இரவு இரண்டு. மொத்தம் பதின்மூன்று படிகள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? இறங்கி வருவது யார் என்று யோசித்து, நீண்ட கைகளுள்ள ஓர் உருவத்தை உருவாக்கி, அதற்கு ஒரு துரத்தலும் வைத்தோம். ஐந்து மாத உழைப்பு. ஆடிப் பார்க்க வந்தவர்கள் உருவத்தைக் கண்டதும் தெளிவாகிவிட்டார்கள். எந்த மூலையில் திரும்பினால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். பயப்பட அவர்களுக்கு நேரமே இல்லை.

பிறகுதான் கதையை முழுதாக உரக்கப் படித்தோம். பயம் அந்த எண்ணிக்கையில் இருந்தது. நேற்று ஏழு என்றால் இன்று எட்டு. அடுத்த பத்தியைப் படிக்கிற வாசகர்தான் அந்த எட்டாவது படியை வரவழைக்கிறார். அவர் புத்தகத்தை மூடினால் காலடி நின்றுவிடும். மூட மனம் வருவதில்லை.

உருவத்தை நீக்கினோம். துரத்தலை நீக்கினோம். ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு மேஜை விளக்கு மட்டும் வைத்தோம். பகலில் சின்னச் சின்ன வேலைகள். இரவு வரவேண்டுமென்றால் ஆட்டக்காரரே விளக்கை அணைக்க வேண்டும். நாங்கள் அணைக்கமாட்டோம், கடிகாரமும் அணைக்காது. அணைத்ததும் மேலிருந்து படிகள், நேற்றைவிட ஒன்று கூடுதலாக. பத்தாம் இரவு வந்தபோது ஒரு பெண் பொத்தானின் மேல் விரலை வைத்தபடி ஆறு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்ற நாங்கள் நால்வரும் மூச்சுக்கூட விடவில்லை. இன்னொருவர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பதினோராவது படியைக் கேட்க மறுத்தார். நான் ஒலி அமைத்ததற்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை.

உங்கள் கதையில் வாசகர் தன்னையறியாமல் செய்கிற அந்தச் செயல் எது? அதைப் பொத்தானாக்குங்கள். கிணறு அந்தச் செயலுக்குத் தேவையென்றால் இருக்கட்டும்.

இன்னொன்று. கதை சொல்லாமல் விட்ட இடத்தில் விளையாட்டுக்கு ஒரு வாசல் இருக்கும். அமெரிக்க எழுத்தாளர் ஹார்லன் எலிசன் 1967-இல் வெளியிட்ட ‘ஐ ஹாவ் நோ மவுத், அண்ட் ஐ மஸ்ட் ஸ்க்ரீம்’ கதையில், மனித இனத்தை அழித்த ஒரு கணினி ஐந்து பேரை மட்டும் உயிரோடு வைத்து 109 ஆண்டுகளாக வதைக்கிறது. ஏன் இந்த ஐந்து பேர்? கதை அதற்குள் அதிகம் போகவில்லை. 1995-இல் வந்த விளையாட்டு அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டது. ஐவருக்கும் ஆளுக்கோர் அத்தியாயம். ஒவ்வொருவரும் தன் கடந்தகாலக் குற்றத்தையோ காயத்தையோ எதிர்கொள்ள வேண்டும். எலிசனே உருவாக்கத்தில் பங்கேற்றார். அந்தக் கணினிக்குக் குரல் கொடுத்ததும் அவர்தான். வெறுப்பை அவ்வளவு ருசித்துப் பேசிய குரலை நான் வேறெந்த விளையாட்டிலும் கேட்டதில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. நண்பர்கள் ஆடுகிறார்கள் என்று திகில் விளையாட்டு கேட்கிறான்.

பெட்டியின் மேல் இருக்கும் வயதுக் குறியீட்டை நம்புங்கள். மேலே சொன்ன ‘ஐசோலேஷன்’ ஐரோப்பியத் தரக்குறியீட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. படத்தில் பயந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம், காட்சி தானாக நகர்ந்துவிடும். விளையாட்டில் கண்ணை மூடினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளில் ‘விவரிக்க முடியாத’ ஒன்றைக் கண்டு மனிதர்கள் புத்தி பேதலிக்கிறார்கள். விவரிக்க முடியாததை விளையாட்டில் எப்படி வரைவது?

வரையாமல் இருப்பதே மேல். ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ (2010) விளையாட்டில் ஆயுதம் கிடையாது. அரக்கனை உற்றுப் பார்த்தாலே உங்கள் பாத்திரத்தின் மனநிலை குலையும். அதனால் ஆட்டக்காரர் தானாகவே சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பார்க்கக் கூடாது என்ற விதியே அந்த உருவத்தை வரைந்துவிடுகிறது. அதே விளையாட்டில் தண்ணீர் நிறைந்த நிலவறை ஒன்று உண்டு. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தண்ணீரைத் தெறிக்கவிட்டபடி நெருங்குகிறது. தெரிவது தெறிப்பு மட்டுமே.

‘எடர்னல் டார்க்னெஸ்’ (2002) லவ்கிராஃப்டின் கதை எதையும் நேரடியாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் அவருடைய மனநிலையை முழுதாக உள்வாங்கியது. பாத்திரத்தின் புத்தி தளரும்போது அது உங்களையே சந்தேகப்பட வைக்கும். டிவியின் ஒலி தானாகக் குறைவதாகத் திரையில் காட்டும். நீங்கள் சேமித்த ஆட்டமெல்லாம் அழிவதாகக் காட்டும். ரிமோட்டைத் தேடி எழுந்துபோனவர்களில் நானும் ஒருத்தி.

கேள்வி: ‘ஃப்ரைடே தி தர்டீன்த்’ விளையாட்டைத் தேடினேன். எங்கும் விற்பனையில் இல்லை. என்ன ஆயிற்று?

2017-இல் வந்தது அது. ஒருவர் அந்தப் படவரிசையின் கொலைகாரன் ஜேசனாக வேட்டையாட, ஏழு பேர் தப்பிக்க வேண்டும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, முதல் படத்தின் திரைக்கதையாசிரியர் விக்டர் மில்லருக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் இடையே படத்தின் உரிமை குறித்து நடந்த வழக்கு குறுக்கே வந்தது. 2018-இல் புதிய பகுதிகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். உரிம ஒப்பந்தம் முடியவிருந்ததால் 2023 இறுதியில் விற்பனையும் நின்றது. எழுதியவருக்கு உரிமை கேட்கும் நியாயம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் விளையாட்டை உருவாக்கியவர்களும் ஆடியவர்களும் அந்த வழக்கில் எங்குமே இல்லாதவர்கள். தழுவல் விளையாட்டுகள் இப்படிக் கடையிலிருந்து மறைவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு படத்தின் பிரதி எங்காவது பெட்டியில் கிடக்கும். சர்வரை நம்பி வாழும் விளையாட்டுக்கு அதுவும் இல்லை.

கேள்வி: விளையாட்டில் இறந்தால் மீண்டும் தொடங்கிவிடலாம். பிறகு பயம் எங்கே இருக்கிறது?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். திகில் தழுவல்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

லவ்கிராஃப்டின் ‘தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்’ கதையில் விடுதி அறைக் காட்சி ஒன்று உண்டு. நள்ளிரவில் யாரோ வெளியிலிருந்து பூட்டைச் சோதித்துப் பார்க்கும் ஓசை. கதைசொல்லி தாழ்ப்பாள்களைப் போட்டு, மேஜை நாற்காலிகளைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, ஜன்னல் வழியே தப்புகிறான். 2005-இல் வந்த ‘கால் ஆஃப் துலு: டார்க் கார்னர்ஸ் ஆஃப் தி எர்த்’ அந்தக் காட்சியை அருமையாகக் கட்டியது. தாழ்ப்பாள் போடுவதும் அலமாரியைத் தள்ளுவதும் நம் கையில். முதல் தடவை ஆடியபோது என் இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது. ஒரு கதவைத் தாழிடத் தவறினால் சாவு, மறுபடி கட்டிலிலிருந்து தொடக்கம். எட்டாவது தடவை அது எனக்கு உடற்பயிற்சியாகிவிட்டது: இடது கதவு, வலது அலமாரி, ஜன்னல்.

இதற்கு 1989-லேயே ஒரு விடை இருந்தது. கியோஷி குரோசாவா இயக்கிய ‘ஸ்வீட் ஹோம்’ என்ற ஜப்பானியப் படத்தை அதே ஆண்டில் கேப்காம் நிறுவனம் விளையாட்டாக்கியது. பாழடைந்த மாளிகைக்குள் ஐந்து பேர். ஆளுக்கொரு கருவி: லைட்டர், சாவி, மருந்துப்பெட்டி, கேமரா, தூசி உறிஞ்சும் கருவி. எவரேனும் இறந்தால் இறந்ததுதான். விளையாட்டு தொடர்ந்து நடக்கும். மிஞ்சியவர்கள் அவர் செய்த வேலைக்கு வேறு பொருள் தேட வேண்டும். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும். கேப்காமின் புகழ்பெற்ற திகில் விளையாட்டான ‘ரெசிடென்ட் ஈவில்’ (1996) பிறந்ததே இந்த விளையாட்டிலிருந்துதான். அதில் அறை மாறும்போது கதவு மெல்லத் திறக்கும் காட்சிகூட இங்கிருந்து போனதே.

ரசிகர்கள் மொழிபெயர்த்த வடிவத்தில் ‘ஸ்வீட் ஹோம்’ ஆடினேன். மருந்துப்பெட்டி வைத்திருந்த அகிகோவைப் பாதி வழியில் இழந்தேன். பழைய சேமிப்புக்குத் திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. அதன் பிறகு ஒவ்வோர் அறைக் கதவும் திறக்கும்போது நான்கு பேரை எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.