இங்கே யாரும் அடிப்பதில்லை, பிறகேன்?

வணக்கம்.
தங்கச்சியின் மகன் மூன்று வருடமாக களுவாஞ்சிக்குடியில் எங்களோடு இருக்கிறான். வயது 15. தாய் குவைத்தில். தகப்பன் குடித்துவிட்டு வந்து அடிப்பார், அதனால்தான் கூட்டி வந்தோம். வந்த புதிதில் ஒழுங்காக இருந்தான். இந்த வருடம் இரவில் நித்திரை இல்லை. வகுப்பில் சேர் கேள்வி கேட்டால் வாய் திறப்பதில்லையாம், 'திமிர்' என்கிறார்கள். நூலும் கட்டிப் பார்த்தோம். இங்கே யாரும் கைநீட்டுவதில்லை, பிறகேன் இப்படி?
— ஒரு பெரியம்மா

அன்புள்ள அம்மா,
கைநீட்டாத வீடு கிடைத்ததும் ஒரு காரணம். அடி விழும் வீட்டில் பிள்ளையின் கவனமெல்லாம் அடுத்த அடிக்குத் தப்புவதில் இருக்கும். அந்த வேலை ஓய்ந்த பிறகுதான் உள்ளே கிடந்த பயம் மேலே வரும். வயதும் சேர்கிறது: பயத்தைக் கிளப்பும் மூளைப்பகுதி இந்த வயதில் வேகமாக வேலை செய்யும், அதை நிதானப்படுத்தும் முன்மூளை முதிர 25 வயதளவில் ஆகும்.

எதற்கு விழிக்கிறான் என்று ஒரு கிழமை குறித்துப் பாருங்கள். தகப்பன் மோட்டார் சைக்கிளில் வருபவராக இருந்தால், ஒழுங்கையில் எந்த மோட்டார் சைக்கிள் திரும்பினாலும் அவன் உடம்பு முந்திக்கொள்ளும். தகரப் படலை காற்றில் அடித்தாலும் அப்படித்தான். நேரம், சத்தம், எவ்வளவு நேரம் விழித்திருந்தான், இந்த மூன்றும் போதும். சேர் குரலை உயர்த்தும்போது வாய் அடைத்துப்போவதும் இதே பயம்தான். வகுப்பாசிரியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: கதவு தெரிகிற இடத்தில் இருத்துவது, எழுப்பிக் கேட்காமல் எழுதிக் காட்டச் சொல்வது.

பதறும்போது "ஏன்டா இப்படி?" என்று கேட்டால் பதற்றம் கூடும். தொடாமல், எட்ட இருந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றச் சொல்லி, 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடச் சொல்லுங்கள், மூன்று நான்கு நிமிடம். அமைதியாக இருக்கும் நாளில் பழக்காவிட்டால் அந்த நேரத்தில் வராது. நடந்ததை முழுதாகச் சொல்லவைக்கவும் வேண்டாம்.

நூல் கட்டினதில் பிழையில்லை. ஆனால் 'பேய்' என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள். பாமசியில் நித்திரைக் குளிசை வாங்கிக் கொடுக்கவும் கூடாது. ஒரு மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், குறித்த தாளையும் கொண்டு. இதற்கென்றே இருக்கும் பேச்சுச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள் பிடிக்கும். இடையில் நித்திரை திரும்பியதும் நிறுத்திவிடுபவர்களும் உண்டு, அது வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கிருமிநாசினியையும் குளிசைகளையும் பூட்டிவைத்து, அன்றைக்கே கூட்டிப்போங்கள். இரவென்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

சிறுவயதில் எத்தனை வகைத் துன்பம் கண்டார் என்று எண்ணிப் புள்ளி போடும் கணக்கொன்று இணையத்தில் சுற்றுகிறது, அதைப் போட்டுப் பார்த்துப் பயப்படவேண்டாம். 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நாலு வகைத் துன்பமோ கூடவோ கண்டவர்களுக்கு மனச்சோர்வும் குடிப்பழக்கமும் பல மடங்கு கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு, உங்கள் பிள்ளையின் சாதகம் அல்ல.

இன்னொன்று, தாயின் டெலிபோன் கோல். "அடுத்த மாதம் வாறன் மனே" என்று நிச்சயமில்லாமல் சொல்லவேண்டாமென்று அவவிடம் சொல்லுங்கள். ஞாயிறு 7 மணிக்கு எடுக்கிறதென்றால் 7 மணிக்கே எடுக்கட்டும், அஞ்சு நிமிடமென்றாலும்.